விண்மீனின் வாட் அளவைக் கண்ட வைணு பாப்பு

ஆலங்காயத்தைக் கடந்து ஜவ்வாது மலைச் சாலையில் ஏறுவோர், சந்தன மரங்களுக்குப் பெயர்பெற்ற அக்காட்டின் நடுவே காவலூர் என்னும் சிற்றூரில் வெண்ணிறக் கவிகை மாடங்கள் சில எழுந்து நிற்பதைக் காண்பர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்விடம் அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. அங்குள்ள வானாய்வு நிலையம் வைணு பாப்பு என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நம் மாணவருள் பலர் அம்மாடங்களைப் பார்த்திருப்பர். அப்பெயருக்குரியவரின் வாழ்க்கையை அறிந்தோர் சிலரே. அவரது வாழ்வை எழுதப் புகுந்த நாம், மின்சாரத்தைப் பற்றியும் உடன் எழுத நேர்ந்தது. தமிழ்த்துறையினருக்கு வாட்டும் வோல்ட்டும் ஏன் என்று இயற்பியல் துறை நண்பர்கள் நகைக்கலாம். விண்மீனின் ஒளியை மின்னோட்டமாக மாற்றி அளந்தவரின் கதையை அவை இன்றிச் சொல்வது எங்ஙனம்?

மணலி கல்லாட்டு வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். குடும்பத்தின் வேர் வடகேரளத்தில் இருந்தது, வளர்ந்ததோ ஐதராபாத்தில். அவருடைய தந்தையார் அங்கு நிஜாமியா வானாய்வு நிலையத்தில் பணியாற்றினார். அந்நிலையத்தின் தோற்றம் நம் நினைவில் நிற்கத்தக்கது. நவாப் ஜாபர் ஜங் என்னும் பெருமகனார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, இங்கிலாந்திலிருந்து 15 அங்குலத் தொலைநோக்கியை வருவித்து, 1901இல் அதற்கு அடித்தளமிட்டார். அவர் மறைந்தபின் 1908இல் நிஜாம் அரசு அதனை ஏற்றது. செல்வர் ஒருவர் விண்ணைக் காண்பதற்குச் செலவிட்ட பொருள், இரண்டு தலைமுறை கழித்து நாட்டுக்கு ஒரு வானியலாளரைத் தந்தது எனலாம். தந்தையின் பணியிடமே மகனுக்கு விளையாட்டுக் களமாயிற்று. இளமையிலேயே மாறொளி விண்மீன்களை, அதாவது நாளுக்கு நாள் ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீன்களை, அவர் இரவுதோறும் கண்காணித்துக் குறித்து வந்தார். நிஜாம் கல்லூரியில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

ஐதராபாத் அரசின் உதவித்தொகை அவரை 1949இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அழைத்துச் சென்றது. சென்ற சில மாதங்களிலேயே, ஒளிப்படத் தட்டு ஒன்றில் இதுவரை எவரும் காணாத வால்விண்மீன் ஒன்றைக் கண்டார். பார்ட் பாக், கார்டன் நியூகிர்க் ஆகிய இருவரும் அதில் துணைநின்றமையால் அது பாப்பு-பாக்-நியூகிர்க் வால்விண்மீன் என வழங்கலாயிற்று. பசிபிக் வானியல் கழகம் அதற்காக டோனகூ பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. 1952இல் முனைவர் பட்டம் பெற்று, கார்னகி ஆய்வுநல்கையுடன் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பலோமர் நிலையங்களுக்குச் சென்றார். வால்விண்மீன் அவருக்குப் பெயரைத் தந்தது. நிலைத்த புகழைத் தந்ததோ கலிபோர்னியாவில் அவர் செய்த பணி.

அப்பணியை விளக்க வீட்டு மின்விளக்கே போதும். பத்தடி தொலைவில் 40 வாட் விளக்கொன்று எரிகின்றது. நூறடி தொலைவில் 4,000 வாட் விளக்கொன்று எரிகின்றது. இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவு ஒளியுடையனவாகத் தோன்றும். தொலைவு பத்து மடங்கானால் ஒளி நூற்றில் ஒரு பங்காகும் என்பதே காரணம். விளக்கை அருகில் சென்று பார்த்தால் அதன் கண்ணாடியில் வாட் அளவு அச்சிடப்பட்டிருக்கும். விண்மீனை அங்ஙனம் சென்று பார்த்தல் இயலாது. உரோகிணியையும் திருவாதிரையையும் எடுத்துக்கொள்வோம். முன்னதை ஆல்டெபரான் என்றும் பின்னதைப் பெட்டல்கூஸ் என்றும் மேலைநாட்டார் வழங்குவர். இவ்விரு பெயர்களுமே அரபு மொழியிலிருந்து அவர்கள் பெற்றவை. வானில் அண்மையில் தோன்றும் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒத்த ஒளியுடையன. ஆயின் உரோகிணி 65 ஒளியாண்டுத் தொலைவிலும், திருவாதிரை 500 ஒளியாண்டுக்கும் அப்பாலும் உள்ளன. அப்படியாயின் திருவாதிரையின் திறன் எத்துணை மடங்கு மிகுதி என்பதைக் கணித்துக்கொள்ளலாம். தொலைவு தெரிந்தால் திறன் தெரியும்; திறன் தெரிந்தால் தொலைவு தெரியும். இரண்டும் தெரியாதபோது என்செய்வது?

ஓலின் வில்சன் என்னும் அமெரிக்க அறிஞரும் வைணு பாப்புவும் இதற்கு ஒரு வழி கண்டனர். விண்மீன் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், ஊதாப் பகுதியில் கால்சியத்திற்குரிய கருங்கோடு ஒன்று தோன்றும். வெப்பம் குறைந்த விண்மீன்களில் அக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று எழும். அதன் அகலம் விண்மீனின் உண்மைத் திறனோடு சேர்ந்து வளர்கின்றது என்பதை இவர்கள் நிறுவினர். 1957இல் வெளியான இவ்வுண்மை வில்சன்-பாப்பு விளைவு என்று உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. விளக்கின் கண்ணாடியில் வாட் அளவு அச்சிடப்பட்டிருப்பது போல, விண்மீனின் ஒளியிலேயே அதன் வாட் அளவு பொறிக்கப்பட்டிருக்கின்றது; படிக்கத் தெரிந்தால் போதும் என்று காட்டினர் எனலாம்.

இத்தகையவர் அங்கேயே தங்கியிருக்கலாம்; 1953இல் தாயகம் திரும்பினார். வாரணாசியில் 1954இல் தொடங்கிய உத்தரப் பிரதேச அரசு வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்று, பின்னர் அதனை நைனிடால் மலைக்கு மாற்றினார். 1960இல் கோடைக்கானல் வானாய்வு நிலையத்தின் இயக்குநரானார். 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கம்பெனியார் நிறுவிய நிலையத்தின் வழித்தோன்றல் அது. 1899இல் கோடைக்கானலுக்குச் சென்றபின் கதிரவனை ஆய்வதே அதன் பெரும்பணியாக இருந்தது. பகலுக்கேற்ற அம்மலை, முகில் மிகுதியால் இரவுக்கு ஏற்றதன்று. விண்மீன்களை ஆய்வதற்குரிய வேறிடம் வேண்டுமெனக் கண்ட பாப்பு, தென்னாட்டு மலைகளை நாடினார். தெளிந்த வானம், அசையாக் காற்று, தென்வான விண்மீன்களையும் காணத்தக்க குறைந்த அகலாங்கு, இவற்றோடு நகர விளக்குகளிலிருந்து விலகிய இருள் ஆகியன அவர் தேடியவை. இவையனைத்தும் ஒருங்கே வாய்த்த இடமாக அவர் கண்டது மலையாளி மக்கள் வாழும் ஜவ்வாது மலையின் காவலூர். கோடைக்கானல் பட்டறையிலேயே உருவாக்கிய 38 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி 1968இல் அங்கு முதன்முதலாகப் பணி தொடங்கியது.

இருளைத் தேடி மலையேறியவருக்கு மின்சாரமும் தேவைப்பட்டது. தொலைநோக்கியின் முனையில் அமரும் ஒளிமின் பெருக்கி என்னும் கண்ணாடிக் குழாய்க்கு ஏறத்தாழ 1,000 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். நம் வீட்டிலோ 230 வோல்ட்தான். ஆயிரம் வோல்ட் என்றதும் மாணவர் பலர் அக்கருவி பெருந்தொகையான மின்சாரத்தை உண்ணும் என்று எண்ணுவர். அது பிழை. அப்பிழையைக் களைய மின்னழுத்தம், மின்னோட்டம், மின்திறன் ஆகிய மூன்றையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும்.

ஜமுனாமரத்தூர் அருகே பீமன் அருவி விழுகின்றது. சித்திரையில் நூலிழைபோல் ஒழுகும்; ஐப்பசியில் இரைந்து விழும். அருவியின் உயரம் இரு காலத்தும் ஒன்றே. விழும் நீரின் அளவே வேறு. உயரத்தை மின்னழுத்தத்திற்கும், நொடிக்கு விழும் நீரின் அளவை மின்னோட்டத்திற்கும் ஒப்பிடலாம். முன்னதன் அளவை வோல்ட், பின்னதன் அளவை ஆம்பியர். இரண்டையும் பெருக்க வருவது வாட் என்னும் திறன். பைக்காராவில் 1932இல் தொடங்கிய மின்நிலையத்தில் நீர் சிறிதாயினும் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து வீழ்ந்தது. மேட்டூரிலோ உயரம் சிறிது, நீர் பெரிது. இரண்டு வழியிலும் மின்சாரம் கிடைக்கத்தான் செய்தது.

வீட்டுச் சுவரிலுள்ள ஒவ்வொரு செருகியிலும் உயரம், அதாவது மின்னழுத்தம், ஒன்றே. எவ்வளவு ஓடவேண்டும் என்பதை மாட்டப்படும் கருவியே முடிவு செய்கின்றது. 60 வாட் குண்டு விளக்கில் கால் ஆம்பியரைச் சற்றே மிஞ்சி ஓடும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியில் 4.3 ஆம்பியரும், 2,000 வாட் வெந்நீர்க் கலத்தில் 8.7 ஆம்பியரும் ஓடும். வெந்நீர்க் கலத்திற்குப் பெரிய துளைச் செருகி வைப்பது இதனால்தான். கம்பியில் ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மெல்லிய கம்பியில் இத்தகைய கருவியை மாட்டினால் அது உருகித் தீப்பற்றும். கைப்பேசிக்கு மின்னூட்டும் கருவியோ 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் தந்து 10 வாட்டோடு அமைகின்றது.

இங்கு மொழிபற்றி ஒரு சொல். மின்வெட்டு நேர்ந்தால் கரண்ட் போய்விட்டது என்கின்றோம். எதுவும் மாட்டாத செருகியில் எப்போதுமே கரண்ட் இல்லை. அங்குள்ளது மின்னழுத்தம் மட்டுமே. போனது வோல்ட்டு என்பதே முறை. அன்றியும், மின்கட்டண அட்டையில் வரும் யூனிட் என்பது திறனன்று; 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடிச் செலவழித்த ஆற்றல் ஆகும். மக்கள் வழக்கை மாற்றுவது நம் நோக்கமன்று. தேர்வில் மாணவர் இவற்றைக் குழப்பி எழுதுவதற்கு இவ்வழக்கே பாதிக் காரணம் என்பது நம் கருத்து.

இனி ஒளிமின் பெருக்கிக்கு வருவோம். விண்மீன் ஒளி அதன் முகப்பில் பட்டதும் ஒரு மின்னணு வெளிப்படும். ஏறத்தாழ 100 வோல்ட் மின்னழுத்தம் அதனை அடுத்த தகட்டின்மீது விசையுடன் மோதச் செய்யும். மோதிய இடத்தில் நான்கு மின்னணுக்கள் எழுவதாகக் கொள்வோம். அடுத்த தகட்டில் நான்கு பதினாறாகும். இங்ஙனம் ஒன்பது தகடுகளைக் கடந்தால் ஒன்று 2,62,144 ஆகப் பெருகும். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த பழங்கதை நினைவுக்கு வருகின்றதன்றோ? நொடிக்குப் பதினாயிரம் மின்னணுக்களை எழுப்பும் மங்கிய விண்மீன் ஒன்றிலிருந்து, இத்தனை பெருக்கத்திற்குப் பின்னும் கிடைக்கும் மின்னோட்டம் நம் 60 வாட் விளக்கில் ஓடுவதில் ஏறத்தாழ அறுபது கோடியில் ஒரு பங்கே. ஆயிரம் வோல்ட்டை வழங்கும் தகட்டுத் தொடரிலும் ஓடுவது ஓர் ஆம்பியரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படுவதில்லை. ஆகத் திறன் அரை வாட்டுதான். பாட்டரி விளக்கொன்று மூன்று வோல்ட்டில் இதனினும் மிகுதியாக உண்ணும். உயர்ந்த அருவி, ஆனால் நூலிழை நீர் என்பதே இக்கருவியின் இயல்பு. அதனால் ஆயிரம் வோல்ட்டைத் தொடலாம் என்று பொருளன்று. உடலில் ஓர் ஆம்பியரின் முப்பதில் ஒரு பங்கு ஓடினும் உயிருக்கு இடர். வீட்டிலுள்ள கசிவுக் காப்பு விசை அந்த அளவிலேயே விழுமாறு செய்யப்பட்டிருப்பது அதற்காகவே.

மற்றொரு இடரும் உண்டு. வழங்கும் மின்னழுத்தம் நூற்றுக்கு ஒன்று தாழ்ந்தால், ஒன்பது தகடுகளிலும் அது பெருகி, கிடைக்கும் அளவு நூற்றுக்கு ஆறு ஏழு தாழ்ந்துவிடும். விண்மீன் மங்கியதா, மின்சாரம் மங்கியதா என்று தெரியாமற் போகும். நாட்டுப்புறத்தில் மின்னழுத்தத் தாழ்வை அறியாதார் இலர். 230 வோல்ட் 180ஆகத் தாழ்ந்தால் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறத்தாழ 610 வாட்டே தரும். கிணற்று மோட்டாரோ இதற்கு மாறாகச் சுமையை இழுக்க வேண்டிக் கூடுதல் மின்னோட்டத்தை உண்டு, சூடேறிக் கருகும். உழவர்க்கு அது பொருளிழப்பு. வானியலாளர்க்கு அது பொய்யான கண்டுபிடிப்பு. ஆகவே வானாய்வில், நிலைப்படுத்திய மின்வழங்கி என்பது கண்ணாடி வில்லைக்கு ஒப்பான முதன்மைக் கருவியாயிற்று. ஒளியியலையும் மின்னணுவியலையும் ஒரே கூரையின்கீழ் வளர்க்க வேண்டும் என்பதில் பாப்பு உறுதியாக இருந்தார். கருவிகளை வாங்குவதினும் செய்யக் கற்பதே நாட்டுக்கு வேண்டியது என்பது அவரது செயல்களால் விளங்குகின்றது. 1971இல் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்றபோது அவரே அதன் இயக்குநர். பெங்களூரில் அதன் ஆய்வுக்கூடங்கள் அப்போக்கிலேயே வளர்ந்தன.

1972இல் ஜெனா நகரின் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர்த் தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பெற்றது. சில கிழமைகளிலேயே, ஜூன் 7ஆம் நாள், வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. விண்மீன் ஒளி எங்ஙனம் குன்றியது என்பதை ஒளிமின் கருவி பதிந்தது. சாவகத் தீவின் லெம்பாங் நிலையத்தின் பதிவோடு சேர்த்துப் பார்த்து, கனிமீட்டுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென்று அறிவித்தனர். பின்னர் 1979இல் வாயேஜர் விண்கலம் அது அத்துணை அடர்த்தியுடையதன்று எனக் காட்டியது. 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் உறையைக் கண்டது. பாதி சரியும் பாதி மிகையுமான முடிவு அது. அறிவியலில் இஃது இழுக்கன்று.

1977 மார்ச் 10ஆம் நாள் நிகழ்ந்ததும் அத்தகையதே. யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. மறைப்புக்கு முன்னரே சில நொடிகள் ஒளி மங்கி மீண்டதைக் காவலூரில் ஜே.சி. பட்டாச்சாரியா, கே. குப்புசாமி ஆகியோர் பதிவு செய்தனர். புதிய துணைக்கோள் என்றே முதலில் கருதினர். விமானத்தில் பறந்தபடி அதே மறைப்பைக் கண்ட அமெரிக்கக் குழுவினரின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, யுரேனசைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்னும் பேருண்மை துலங்கிற்று. அந்தச் சில நொடிகளில் மின்வழங்கி தடுமாறியிருந்தால் அப்பதிவை எவர் நம்பியிருப்பர்?

ஒரு மீட்டரோடு பாப்பு அமைதி கொள்ளவில்லை. 2.34 மீட்டர்த் தொலைநோக்கி ஒன்றை இந்தியாவிலேயே செய்யத் துணிந்தார். வெளிநாட்டிலிருந்து பெற்ற கண்ணாடிப் பாளத்தைப் பெங்களூரிலேயே தேய்த்து மெருகேற்றும் பணியில் ஏ.பி. ஜெயராஜன் தலைமையிலான ஒளியியல் கூடம் ஈடுபட்டது. தாங்குசட்டமும் கட்டமைப்பும் இந்தியத் தொழிற்சாலையில் உருவாயின. விலைக்கு வாங்கியிருந்தால் சில ஆண்டுகளில் முடிந்திருக்கும் என்று அன்று எண்ணியோர் இருந்திருப்பர். அவ்வெண்ணம் முற்றும் தவறன்று. காலத்தைக் கொடுத்தே கைத்திறனைப் பெறவேண்டியிருந்தது. அக்காலம் பாப்புவின் வாழ்நாளிலிருந்தே கழிந்தது.

சிறப்புகள் பல அவரை வந்தடைந்தன. 1970இல் பட்நாகர் பரிசும் 1981இல் பத்மபூஷணும் பெற்றார். 1979இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார்; இந்தியர் ஒருவர் அப்பதவியை ஏற்றது அதுவே முதன்முறை. அவ்வொன்றியத்தின் பொதுப்பேரவை கிரேக்க நாட்டின் பட்ராசு நகரில் 1982 ஆகஸ்டில் கூடியபோது தலைமை ஏற்றிருக்க வேண்டியவர், இதய நோய்க்கு அறுவை சிகிச்சை பெற்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் படுக்கையில் இருந்தார். பேரவை நடந்துகொண்டிருந்த அதே நாள்களில், ஆகஸ்டு 19இல், உயிர் நீத்தார். ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஒன்பதே நாள் கடந்திருந்தது. தாம் வடிவமைத்த பெரிய தொலைநோக்கியில் ஒரு விண்மீனையேனும் அவர் கண்டாரில்லை.

1986 ஜனவரி 6ஆம் நாள், பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து அத்தொலைநோக்கிக்கும் நிலையத்திற்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். 2016இல் நைனிடால் அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர்த் தொலைநோக்கி தொடங்கும்வரை, முப்பது ஆண்டுகள், இந்தியாவின் மிகப் பெரிய ஒளித்தொலைநோக்கி ஜவ்வாது மலையில்தான் இருந்தது. ஒளிமின் பெருக்கியின் இடத்தை இன்று மின்னணு ஒளிப்படச் சில்லுகள் பற்றிக்கொண்டன.

அவர் தேடி வந்த இருளுக்கோ இப்போது வேறு நிலை. 60 வாட் குண்டு விளக்குத் தந்த ஒளியை ஒன்பது பத்து வாட் எல்.இ.டி. விளக்கே தருகின்றது. செலவு குறைந்தமையால் ஒரு விளக்கு இருந்த இடத்தில் நான்கு விளக்குகள் எரிகின்றன; அவற்றின் ஒளியில் ஒரு பகுதி தரையை விட்டு வானுக்கே செல்கின்றது. மலையடிவாரத்து ஊர்களில் வாழும் நாமும் அவ்விளக்குகளுக்கு உரியோர். தெருவிளக்கின் தலைமேல் ஒரு தகர மூடி கவித்தால் வானுக்குச் செல்லும் ஒளி தரைக்கே திரும்பும். வாட் அளவையும் குறைத்துக்கொள்ளலாம். உரோகிணியையும் திருவாதிரையையும் நம் கல்லூரி மாடியிலிருந்து மார்கழி இரவில் இன்னும் காண முடிகின்றது. காவலூரில் காண வேண்டியவை அவற்றினும் பல்லாயிரம் மடங்கு மங்கியவை.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கதிரவனைச் சுற்றிவரும் சிறுகோள்களுள் 2596 என்னும் எண் பெற்றது வைணு பாப்பு என்று பெயரிடப்பட்டுள்ளது. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. காவலூர் போன்றதோர் இருளில், நல்ல தொலைநோக்கியின் வழியேதான் காணக் கிடைக்கும்.